வீட்டுக்குள் பன்னிரண்டு வாட்

"நீங்கள் கண்டது கணேசலிங்கம் அண்ணையைத்தான் எண்டு சத்தியம் பண்ணுவியளோ?"

பிரபாலினி இப்படிக் கேட்டதும் கடைக்கார அன்ரன் கையிலிருந்த முருங்கைக்காய்க் கட்டைத் தராசில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். நிறுத்துத் தரும்படி அங்கே யாரும் கேட்டிருக்கவில்லை.

"சத்தியமெண்டா... முதுகுப் பக்கம்தான் பாத்தனான், தங்கச்சி. சாம்பல் நிறக் கோட்டு. தொப்பி. நடை அவற்றை நடை மாதிரித்தான் கிடந்தது."

"டிசம்பர் மாசம் ஹம்பேர்க்கிலை சாம்பல் கோட்டும் தொப்பியும் போடாத வயசாளி ஆரும் இருக்கினமோ?" என்று கிறிஸ்ரியன் குறுக்கே விழுந்தான். "கார் விட்ட இடத்திலையிருந்து இஞ்சை நடந்து வாறதுக்கிடையிலை நானே ஒரு இருபது கணேசலிங்கத்தைக் கண்டிட்டன். அதிலை முக்கால்வாசிப் பேர் வெள்ளைக்காரர்."

அன்ரன் சிரிக்கவில்லை. பிரபாலினியும் சிரிக்கவில்லை. பீலெஃபெல்ட்டிலிருந்து மழைக்குள்ளே கார் ஓட்டி வந்தது இந்த முதுகுக்காகத்தான். அதுவும் இப்போது கரைந்துகொண்டிருந்தது.

பிரபாலினி முன்பு ஒரு காப்புறுதிக் கம்பனியில் வேலை செய்தவள். களவு போனதாகச் சொல்லப்பட்ட கார்கள் உண்மையிலேயே களவு போனவையா என்று பார்ப்பது அங்கே அவளுடைய வேலை. அந்தக் கம்பனி அவளை வீட்டுக்கு அனுப்பிய பிறகு, காணாமல்போன மனிதர்களைத் தேடத் தொடங்கினாள். கார்களைக் கண்டுபிடிப்பது லேசு. அவை தாமாக ஒளிவதில்லை.

அந்தத் தேடலில் அவளுக்குத் துணை கிறிஸ்ரியன், முன்பு டாக்சி ஓட்டியவன். அவளைவிட நாலு வயது மூத்தவன். ஆனாலும் அவளை 'ஷெஃபின்' என்றுதான் கூப்பிடுவான். ஜெர்மன்காரர் முதலாளியம்மாவுக்குச் சொல்லும் சொல் அது. அந்த மரியாதையில் எத்தனை வீதம் நக்கல் என்று அவள் இன்றுவரை கணக்குப் பார்த்ததில்லை.

கடை வாசலில், கண்ணாடிக் கதவுக்கு வெளியே, மூன்றாவது ஆள் நின்றார். தபோதரன். காணாமல்போன கணேசலிங்கத்தின் தம்பி. அண்ணனை அன்ரன் கண்டதாகச் செய்தி கொண்டுவந்தவரும் அவர்தான். தலை இருந்த இடத்தில் ஒரு பெரிய வெள்ளை மேகம் நின்றது. மேகம் கலைந்தபோது உள்ளே ஒரு களைத்த முகம் தெரிந்தது.

"தபோ அண்ணை வெளியிலை நிண்டு என்ன, அரிசி அவிக்கிறாரோ?" என்றான் கிறிஸ்ரியன்.

"அவற்றை வேப் அது, மின் சிகரெட். விடும்," என்றாள் பிரபாலினி.

ஐந்து வாரங்களாக இதுதான் கதை. கணேசலிங்கத்துக்கு அறுபத்தெட்டு வயது. நவம்பர் மாதத்து அமாவாசையன்று, ஒரு வியாழக்கிழமை, வீட்டை விட்டுப் போனவர் திரும்பவில்லை. போலீஸ் வந்தது, எழுதிக்கொண்டது, போனது. புத்தி தெளிவாக உள்ள வளர்ந்த மனிதர் தம் விருப்பத்துக்கு எங்கேயும் போகலாம், அதற்கு மனைவியிடம் அனுமதி தேவையில்லை என்று அவர்கள் பண்பாக விளங்கப்படுத்தினார்கள். மனைவி யோகம் அதைக் கேட்டுத் தலையாட்டினார். அவருக்கும் அதுதான் நம்பிக்கை. விருப்பத்துக்குத்தான் போயிருக்கிறார். கோபத்தில் போயிருக்கிறார். கோபம் ஆறினால் வருவார்.

அந்தக் கோபத்துக்குக் காரணம் தான்தான் என்று யோகம் முதல்நாளே பிரபாலினியிடம் சொல்லியிருந்தார். முதியோர் இல்லத்துச் சமையலறையில் அவருக்கு வேலை, விடிய முன்னமே பஸ் எடுக்க வேண்டும். அன்றைக்குப் புறப்படும் நேரத்தில்தான் சண்டை. கணேசலிங்கத்துக்கு அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் ஓடுகிற ஆற்றில் இறைக்க ஆசை. அந்த முழங்காலோடும் அந்தக் குளிரோடும் ஆறாவது குளமாவது, குசினிக் குழாயில் இறைத்தால் அப்பாவுக்குப் போகாதா என்று யோகம் கேட்டிருக்கிறார். வாய் தடித்தது. "ஆத்துக்குப் போறதெண்டா அங்கையே இருங்கோ" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறார். புருசனிடம் அவர் கடைசியாகச் சொன்னது அதுதான்.

ஆற்றைத்தான் பிரபாலினி முதலில் நினைத்தாள். ஆனால் தபோதரன் அதை அன்றைக்கே தட்டிவிட்டார். அவர் அண்ணனோடு ஒரே வீட்டில் இருப்பவர். அன்றைக்கு இரவு வேலை என்பதால் பகலில் வீட்டில்தான் நின்றவர். அண்ணை குசினிக் குழாயில்தான் இறைத்தார், என் கண்ணால் பார்த்தேன் என்றார். காலை முழுவதும் வரவேற்பறையில் இருந்தாராம். மத்தியானத்துக்குப் பிறகு, யோகம் காய்ச்சி வைத்த விரதச் சோற்றைத் தொடாமல், கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போனாராம். ஒரு வார்த்தை பேசவில்லையாம்.

"அப்ப ஹம்பேர்க்கிலை இனி என்ன செய்யிறது?" கிறிஸ்ரியன் கேட்டான்.

"வீட்டை போறது," என்றாள் பிரபாலினி.

*

திரும்பும் வழியில், நெடுஞ்சாலை ஓரத்து இளைப்பாறும் இடம் ஒன்றில் கார் நின்றது. மழை விட்டிருந்தது. தபோதரன் இறங்கி நின்று தன் கருவியை எடுத்தார். உள்ளங்கையளவு கனமான இரும்புப் பெட்டி, அதில் சின்னத் திரை, திரையில் இலக்கங்கள். கிறிஸ்ரியன் தன்னுடையதை எடுத்தான். பிளாஸ்ரிக், ஊதா நிறம், பிள்ளைகளின் விசில் மாதிரி.

"அண்ணை, உதென்ன, வேப்போ ரயில் எஞ்சினோ?"

"இது வாட் கூட்டிக் குறைக்கிற சாமான். உம்மடை மாதிரி ஊதி எறியிறது இல்லை."

"என்ரைக்கு என்ன குறை? சோம்பேறியளுக்கெண்டே செய்து விட்டிருக்கிறான். இழுத்தா வரும், முடிஞ்சா குப்பை. உங்கடையை ஓட்ட லைசென்ஸ் எடுக்கவேணும் போலை."

"அது தன்ரை எண்ணத்துக்குத் தரும், தம்பி. இது நான் கேக்கிறதைத் தரும்." தபோதரன் திரையைத் திருப்பிக் காட்டினார். ஐந்து வாரத்தில் முதல் தடவையாக அந்த முகத்தில் கொஞ்சம் உயிர் வந்ததைப் பிரபாலினி திறந்த கார் சன்னலுக்குள்ளிருந்து கண்டாள். "பற்றரி இறங்க இறங்க உம்மடையிலை ருசி செத்துப்போகும். இதிலை கடைசி மட்டும் ஒரே மாதிரி இழுக்கலாம். உள்ளுக்கை சூடாகிற கம்பிச்சுருள் இருக்கெல்லோ, கொயில், அது புதிசெண்டா முதல் குறைச்சு வைச்சுப் பழக்கலாம். கருகாது. உள்ளுக்கை விடுற சாறு புளிப்பெண்டா குறைஞ்ச சூட்டிலை நல்லாயிருக்கும், இனிப்புக்குக் கூட்டவேணும். சிகரெட்டை விட்ட புதிசிலை தொண்டையிலை அடிச்சாத்தான் மனம் ஆறும். பிறகு அந்த அடி தேவையில்லை, குறைச்சுக்கொண்டு போகலாம். ஒவ்வொரு மனிசனுக்கும் ஒவ்வொரு அளவு. அளவு தெரிஞ்சவன் ஏன் மற்றவன் வைச்ச அளவிலை இழுக்கவேணும்?"

"உது கடைக்காரன் சொல்லித் தந்த பாட்டு. உண்மையைச் சொல்லுங்கோ. நீங்கள் ஏன் வாங்கினியள்?"

தபோதரன் சிரித்துவிட்டார்.

"அண்ணைக்காக."

"என்ன, அவரும் இழுக்கிறவரோ?"

"ஐயோ! அவருக்குத் தெரியவே தெரியாது. அதுக்குத்தான் இது. வீட்டுக்குள்ளை பன்னிரண்டு வாட். புகை கண்ணுக்குத் தெரியாது, மணமும் இல்லாத மாதிரி. குளியலறைக்குள்ளை நிண்டு ரெண்டு இழுவை, முடிஞ்சுது. வெளியிலை வந்தா முப்பத்தஞ்சு."

"உங்களுக்கு என்ன வயசு?"

"அம்பத்தொண்டு."

"அம்பத்தொரு வயசிலை குளியலறைக்குள்ளை ஒளிச்சு நிண்டோ? ஜெர்மன் சட்டத்திலை பதினெட்டோடை விட்டிடுவாங்களே, அண்ணை."

"ஜெர்மன் சட்டம் என்னை வளர்க்கேல்லையே. அப்பா செத்தாப் பிறகு அவர்தான் எனக்கு அப்பா. அவருக்கு முன்னாலை நான் கால்மேலை கால் போட்டும் இருந்ததில்லை."

"சரி, அவர் வெளியிலை போற நேரம் பாத்துக் கூட்டி வைச்சு இழுத்தாப் போச்சு."

"ஏலாது," என்றார் தபோதரன். "முப்பத்தஞ்சிலை இழுத்தா மாம்பழ மணம் திரைச்சீலையிலை போய் ஒட்டிக்கொள்ளும். மற்றநாளும் நிக்கும். அவர் எப்ப திரும்பி வருவாரெண்டு ஆருக்குத் தெரியும்? வாசல்லை கால் வைச்ச உடனை பிடிச்சிடுவார். இது வாங்கின நாளிலையிருந்து அந்த வீட்டுக்குள்ளை நான் பன்னிரண்டைத் தாண்டினதே இல்லை."

சொல்லிவிட்டு அவர் ஆழமாக இழுத்தார். மேகம் எழுந்து, கார்க் கூரையில் உருண்டு, ஈரத்தில் கரைந்தது. பிறகு இருவரும் காரில் ஏறினார்கள். பீலெஃபெல்ட் வரைக்கும் தபோதரன் சன்னல் பக்கமே திரும்பியிருந்தார்.

*

வீட்டு வாசலில் கார் நிற்கும்போது நாலு மணிதான். ஆனால் தெருவிளக்குகள் எரியத் தொடங்கிவிட்டன. தபோதரன் மேலே போவதற்கு முதல் வாசலில் நின்று ஒரு தரம் இழுத்துவிட்டு வருவதாகச் சொன்னார். மேலே போக அவருக்கு விருப்பமில்லை என்று பிரபாலினி நினைத்தாள். யோகத்தின் கண்ணைப் பார்த்து 'அது அவராக இல்லாமலும் இருக்கலாம்' என்று சொல்ல யாருக்குத்தான் விருப்பம்?

அவளும் கிறிஸ்ரியனும் படியேறினார்கள். முதலாம் மாடியில் லிண்டெமன் அம்மையார் நாயோடு கதவைத் திறந்துகொண்டு நின்றார். யோகத்தின் கீழ்வீட்டுக்காரி. யார் படியேறினாலும் அவருக்குக் கேட்கும்.

"கிழவர் கிடைத்தாரா?" ஜெர்மன் மொழியில் கேட்டார்.

"இன்னும் இல்லை."

"பாவம். நல்ல மனிதர். எப்போதும் முதலில் வணக்கம் சொல்லுவார்." அம்மையார் குரலைத் தாழ்த்தினார். "இந்த நேரத்தில் இதைச் சொல்லக்கூடாதுதான். ஆனால் மேலே அந்தப் புகை அலாரத்தைத் திரும்ப மாட்டச் சொல்லுங்கள். கழற்றியது கழற்றியபடியே கிடக்கிறது. உண்மையாக நெருப்புப் பிடித்தால் என்ன செய்வது?"

பிரபாலினி ஏறிய காலைக் கீழே வைத்தாள்.

"எப்போது கழற்றினார்கள்?"

"அது கத்திய அன்றைக்கு. ஹீற்றர் மீற்றர் வாசிக்க ஆள் வந்தாரே, கட்டடம் முழுவதுக்கும் காலையில் நேரம் குறித்து, அன்றைக்கு. அந்த ஆள் என் வீட்டில் நிற்கும்போதே மேலே கத்தத் தொடங்கிவிட்டது. என் நாய் கட்டிலுக்குக் கீழே போய் ஒளிந்துகொண்டது. நான் ஏறிப்போய்க் கதவைத் தட்டினேன். தம்பிதான் திறந்தார். உள்ளே ஒன்றுமே தெரியவில்லை, வெள்ளைவெள்ளையாக, நீராவிக் குளியலறை மாதிரி. சமையல் கருகிவிட்டதென்று நினைத்தேன். ஆனால் மாம்பழ வாசம்."

"அது எந்த நாள் என்று ஞாபகம் இருக்கிறதா?"

"மறப்பேனா? காலையில் அலாரம், மாலையில் போலீஸ். என் வாழ்நாளில் இந்தப் படிக்கட்டு அப்படி ஒரு நாளைக் கண்டதில்லை."

அம்மையார் கதவைச் சாத்தினார். படிக்கட்டு விளக்கு தானாக அணைந்தது. பிரபாலினி அதைப் போடவில்லை.

"என்ன ஷெஃபின்?" கிறிஸ்ரியன் இருட்டில் கேட்டான். "வரிக்கந்தோர்க் கடிதம் வந்த மாதிரி நிக்கிறியள்."

"அண்டைக்குக் காலமை கணேசலிங்கம் அண்ணை எங்கை இருந்தவர்?"

"வீட்டிலை. தம்பியார்தானே சொன்னவர். மத்தியானம் மட்டும் வரவேற்பறையிலை."

"தம்பியார் வீட்டுக்குள்ளை எத்தினை வாட்டிலை இழுக்கிறவர்?"

"பன்னிரண்டு."

"பன்னிரண்டு வாட்டிலை அலாரம் கத்துமோ?"

கிறிஸ்ரியனின் கை சட்டைப்பையிலிருந்த ஊதா வேப்புக்குப் போனது. அவனும் இழுப்பவன். இந்தக் கணக்கை அவனுக்கு வேறு யாரும் போட்டுக் காட்டத் தேவையில்லை.

"கத்தாது," என்றான் கடைசியில். "அலாரத்துக்கு முன்னாலை நிண்டு ஊதினாலும் கத்தாது. வீட்டை நிரப்பவேணுமெண்டா முப்பத்தஞ்சிலை விடாமல் இழுத்திருக்கவேணும்." கொஞ்சம் யோசித்தான். "ஒருவேளை அண்ணர் காலமை எங்கையோ கடைக்குப் போயிருக்கலாம். உவர் அந்த இடைவெளியிலை..."

"அவர் கடைக்குப் போனாலும் கூட்டமாட்டன் எண்டு ஆர் சொன்னது? எப்ப திரும்பி வருவாரெண்டு ஆருக்குத் தெரியும் எண்டு?"

கீழே தெருக்கதவுக் கண்ணாடியில் ஒரு வெள்ளை மேகம் ஒட்டி நின்றது.

"அவருக்குத் தெரியும்," என்றான் கிறிஸ்ரியன், மெதுவாக. "அண்ணர் திரும்பி வரமாட்டார் எண்டு அண்டைக்குக் காலமையே அவருக்குத் தெரியும்."

"ஓம். அப்ப மத்தியானம் கோட்டுப் போட்டுக்கொண்டு போனது பொய். வரவேற்பறை பொய். அவற்றை சொல்லிலை ஒண்டு பொய்யெண்டா, குசினிக் குழாயும் பொய்."

"குழாய் பொய்யெண்டா..."

அவள் அந்த வசனத்தை முடிக்க விடவில்லை. படியிறங்கத் தொடங்கியிருந்தாள்.

*

தபோதரன் திரும்பக் கிறிஸ்ரியனின் காருக்குள் போய்ப் பின் இருக்கையில் இருந்தார். பிரபாலினி அவருக்குப் பக்கத்தில் ஏறிக் கதவைச் சாத்தினாள். கிறிஸ்ரியன் முன்னால் இருந்துகொண்டு கண்ணாடியில் பார்த்தான்.

"தபோ அண்ணை, ஒரு கேள்வி. அண்டைக்குக் காலமை, மீற்றர்காரன் வரேக்கை, எத்தினை வாட்?"

அவர் அவளைப் பார்த்தார். கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார். பொய் சொல்வதற்கு நேரம் இருந்தது. அவர் அதைப் பாவிக்கவில்லை. ஐந்து வாரமாக யாராவது கேட்பார்களா என்று காத்திருந்த மனிதர் போல அவருடைய தோள்கள் இறங்கின.

"முப்பத்தஞ்சு," என்றார்.

"எந்த ஆறு?"

"வேசர்."

கிறிஸ்ரியன் கண்ணாடியிலிருந்து பார்வையை எடுத்துவிட்டான்.

"அண்ணியின்ரை பஸ் போன கையோடை என்னை எழுப்பினவர்," என்று தபோதரன் தொடங்கினார். "'தம்பி, காரை எடு, உன்ரை அண்ணி அறியப்படாது, அவள் வேலையாலை வாறதுக்குள்ளை ஓடிப்போட்டு வந்திடுவம்.' பள்ளிக்கூடத்துக்குக் கள்ளம் அடிச்ச பெடியன் மாதிரி. வழி முழுக்கச் சிரிப்பு. ஆத்தங்கரையிலை, பாலத்துக்குக் கீழை, படகு இறக்கிறதுக்குக் கல்லுப் பதிச்ச ஒரு சரிவு இருக்கு. சப்பாத்தையும் கோட்டையும் கழட்டி வைச்சிட்டு வேட்டியோடை இறங்கினவர். கல்லு முழுக்கப் பாசி."

"நீங்கள் எங்கை நிண்டியள்?"

தபோதரன் தன் கோட்டுப் பொத்தானைத் திருகினார்.

"தபோ அண்ணை."

"பாலத்துத் தூணுக்குப் பின்னாலை."

"ஏன்?"

"ஏனெண்டு உங்களுக்குத் தெரியுமே, தங்கச்சி." அவர் கையிலிருந்த பெட்டியைத் தூக்கிக் காட்டினார். "விடியக் காலமையிலையிருந்து இழுக்கேல்லை. அவர் தண்ணியைப் பாத்து மந்திரம் சொல்லத் தொடங்கிட்டார், இனித் திரும்பிப் பார்க்க மாட்டார் எண்டு நினைச்சன். அப்பிடியிருந்தும் தூணுக்குப் பின்னாலைதான் போனன். முப்பத்தஞ்சுக்குக் கூட்டினன். நாலைஞ்சு இழுவை. மேலை லொறியள் போற சத்தம், ஒண்டும் கேக்கேல்லை. வந்து பாத்தா சப்பாத்து நிக்குது. கோட்டு மடிச்சபடி கிடக்குது. தண்ணி போய்க்கொண்டிருக்குது."

தபோதரன் பெட்டியை மற்றக் கைக்கு மாற்றினார்.

"கரையோரம் ஓடினன். கத்தினன். எவ்வளவு தூரமெண்டு தெரியாது. பக்கத்திலை நிண்டிருந்தா வேட்டித் தலைப்பிலை பிடிச்சிருக்கலாம். ஒரு கை நீட்டினாக் காணும், தங்கச்சி. ஒரு கை."

"ஏன் பொலிசுக்கு அடிக்கேல்லை?"

"நீ எங்கை நிண்டனி எண்டு கேப்பினம். பொலிசுக்கு என்னவும் சொல்லலாம். அண்ணி கேட்டா? அண்ணனை ஆத்துக்கை விட்டிட்டுப் பின்னாலை நிண்டு புகை விட்டனான் எண்டு எந்த வாயாலை சொல்லுறது? வீட்டை வந்து வரவேற்பறையிலை இருந்தன். கையிலை இது. வெளியிலை வைச்ச முப்பத்தஞ்சு அப்பிடியே நிக்குது. பழக்கத்திலை விரல் குறைக்கப் போனது. பிறகு நிண்டுட்டுது. ஆருக்குக் குறைக்க?"

அவர் பெட்டியை இருக்கையில் வைத்தார். திரை தானாக அணைந்தது.

"அன்ரன்?" என்று கேட்டாள் பிரபாலினி. "ஹம்பேர்க்?"

"நான்தான் சொல்லச் சொன்னன். அண்ணி சாப்பிடாமல் கிடந்தவ. ஏதாவது ஒரு ஊரின்ரை பேர் இருந்தாலெண்டாலும் எழும்பிக் குளிப்பா எண்டு நினைச்சன். குளிச்சவ. நேற்றுச் சோறும் காய்ச்சினவ. கோட்டும் சப்பாத்தும் என்ரை காரிலை பின்னுக்குக் கிடக்குது. எறியவும் ஏலாது, வைச்சிருக்கவும் ஏலாது."

கிறிஸ்ரியனிடம் எப்போதும் ஒரு பகிடி தயாராக இருக்கும். பிணவறை வாசலிலும் ஒன்று சொன்னவன் அவன். இப்போது அவன் கண்ணாடி துடைப்பானைப் போட்டான். மழை பெய்யவில்லை. காய்ந்த கண்ணாடியில் அது கீச்சிட்டது. நிறுத்தினான்.

"பொலிசுக்கு நான் இப்ப அடிக்கவேணும்," என்றாள் பிரபாலினி. "நாளைக்கு ஆத்திலை தேடுவினம்." ஐந்து வாரம் ஓடிய தண்ணீரில் தேடி என்ன கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியும். பனி கரையும்போது எங்கேயாவது வடக்கே ஏதாவது கரை ஒதுங்கலாம். ஒதுங்காமலும் போகலாம். அதை அவள் சொல்லவில்லை. "அதுக்கு முதல் நீங்கள் மேலை வந்து யோகம் அக்காவுக்குச் சொல்லவேணும். நானில்லை. நீங்கள்."

"நீங்கள் சொல்லுங்கோவன்."

"ஏலாது, அண்ணை."

*

மணியை அடிக்க வேண்டியிருக்கவில்லை. காலடி கேட்டே யோகம் கதவைத் திறந்துவிட்டார். தலை வாரியிருந்தார். காலில் சப்பாத்து. வாசல் நடையில் ஒரு பயணப்பை நிமிர்ந்து நின்றது, அதற்கு மேலே ஒரு தடித்த ஆண்பிள்ளை ஸ்வெற்றர் மடித்து வைத்திருந்தது. கூரையில் அலாரம் இருந்த இடத்தில் வெறும் வட்டம்.

"வாங்கோ, வாங்கோ. ஏன் இவ்வளவு நேரம்? அன்ரன் என்ன சொன்னவர்? அவர் எங்கை படுக்கிறாராம்? நான் நாளைக்கு லீவு சொல்லிட்டன், முதல் ரயில்லை போவம். அந்தக் கோட்டு ஹம்பேர்க்குக் குளிருக்குக் காணாது, அதுதான் இதை எடுத்து வைச்சனான்."

தபோதரன் சுவரோடு சாய்ந்து, அப்படியே வழுக்கி, சப்பாத்துகள் வைக்கும் இடத்தில் குந்திவிட்டார்.

யோகம் அவரைப் பார்த்தார். கிறிஸ்ரியனைப் பார்த்தார். அவன் தன் கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். கடைசியில் பிரபாலினியின் கையைப் பிடித்தார்.

"என்னோடை இன்னும் கோவமோ, பிள்ளை? வரமாட்டன் எண்டு சொல்லிட்டாரோ? நான் சொன்னதுக்காகத்தானே? ஒளிக்காமல் சொல்லு."

சொல்லக்கூடியதாக ஒரே ஒரு நல்ல விசயம் பிரபாலினியிடம் இருந்தது. அது உண்மையும்கூட. அந்த மனிதர் வழி முழுக்கச் சிரித்துக்கொண்டு போனவர். இந்த ஐந்து வாரமும் இந்தப் பெண்ணைத் தின்ற பாரம் அநியாயமானது. அதையாவது முதலில் இறக்கிவிடலாம் என்று அவள் நினைத்தாள். அது எவ்வளவு பெரிய பிழை என்று, சொற்கள் வாயை விட்டுப் போன பிறகுதான் கண்டாள்.

"இல்லை, அக்கா. அவர் உங்களோடை கோவிச்சுக்கொண்டு போகேல்லை. அண்டைக்கு அவர் சந்தோசமாத்தான் போனவர்."

யோகத்தின் முகத்தில், விளக்குப் போட்ட அறை மாதிரி, எல்லாம் ஒரேயடியாக வெளிச்சமானது.

"நான் நினைச்சனான்," என்றார். "அவருக்குக் கோவம் நிக்கிறேல்லை. அப்ப வருவார்."

பிரபாலினியின் கையை விட்டுவிட்டு, ரீ போடக் குசினிக்குப் போனார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. கேத்தில் நிறைகிற சத்தம் கேட்டது.

"அண்ணி," என்றார் தபோதரன், நிலத்திலிருந்தபடியே. தண்ணீர்ச் சத்தத்தில் அது யோகத்துக்குக் கேட்கவில்லை. பிரபாலினி காத்திருந்தாள். தண்ணீர் நின்றது.

"அண்ணி, இஞ்சை ஒருக்கா வாங்கோ."